வாஷிங்டன் தெருவின் கடைசி வரை

அக்டோபர் 17, வியாழன், ப்ளூமிங்டன் (இல்லினாய், அமெரிக்கா)

நாளை காலை பியோரியா கிளம்புகிறோம். மகள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம்தான். அங்கே போய் என்னம்மா பார்க்கப் போறே என்று மகள் மூன்று முறை கேட்டுவிட்டாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் அறை பதிவு செய்துவிட்டார். இதற்கெல்லாம் காரணமே அவர்தான்.

வந்த புதிதில் எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு நாள் ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். மாப்பிள்ளை கூடத்தில் சத்தத்தைக் குறைத்து வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் மேடை. சிவப்புச் சட்டை போட்ட ஒரு கறுப்பர், கையில் ஒரு மைக். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தார்.

என் வீட்டுக்காரர் போனது மாரடைப்பில். ஆறு வருடம் ஆகிறது. என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை பதறி ரிமோட்டைத் தேடினார். "மாத்திடுறேன் அத்தை" என்றார். இருக்கட்டும் என்று சொல்லி நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மனிதர் தனக்கு வந்த மாரடைப்பைத்தான் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இதயமே தெருச் சண்டியர் மாதிரி அவரை மிரட்டுகிறது. மூச்சு விடாதே என்கிறது. விடவே மாட்டேன் என்று இவர் கெஞ்சுகிறார். அப்படியென்றால் மண்டி போட்டுக் காட்டு என்கிறது. போடுகிறார். சாவைப் பற்றி இப்போது யோசிக்கிறாயே, பன்றிக்கறியாகத் தின்றபோது யோசித்தாயா என்று கேட்டு இன்னொரு குத்து விடுகிறது. கண் திறந்தால் ஆம்புலன்ஸ். சுற்றிலும் வெள்ளைக்கார முகங்கள். செத்துத் தவறான சொர்க்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோமோ என்று முழிக்கிறார்.

நான் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ரொம்ப நேரம் சிரித்தேன். மாரடைப்பு என்ற வார்த்தையை ஆறு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் பெயர் ரிச்சர்ட் ப்ரையர். மேடையில் தனியாக நின்று பேசியே சிரிக்க வைத்த அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர். நான் பார்த்த நிகழ்ச்சி 1978 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் எடுக்கப்பட்டு, அடுத்த வருடம் தியேட்டர்களில் படமாக ஓடியது. அந்த மாரடைப்பு அவருக்கு வந்தது 1977 நவம்பரில், முப்பத்தாறு வயதில், சொந்த ஊரான பியோரியாவுக்கு வந்திருந்தபோது. அந்த ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்ன அன்றைக்கே போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

மகள் அந்த நிகழ்ச்சியைப் பார்த்ததில்லை. அந்தக் காட்சி வரும் என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவாள்.

அக்டோபர் 18, வெள்ளி, பியோரியா

வழியெல்லாம் சோளம். பாதி வயல் அறுத்து முடித்து வெறுமையாகக் கிடக்கிறது, மீதியில் காய்ந்த தட்டை காற்றில் சரசரக்கிறது. மார்ட்டன் என்ற சிற்றூரைத் தாண்டும்போது கார் கண்ணாடியை மீறி வெந்த பரங்கிக்காய் வாசம் வந்தது. இந்த நாட்டில் டப்பாவில் விற்கும் பரங்கி விழுதில் பெரும் பங்கு அந்த ஊர் ஆலையிலிருந்துதான் வருகிறதாம். பொங்கலன்று காலை எங்கள் அடுப்படியில் நிற்பது போல இருந்தது. ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டேன்.

அறை வாடகை 84 டாலர், வரி தனி. ஹீட்டரைப் போட்டால் பழைய மாவு மில் மாதிரி சத்தம். அணைத்தால் கால் விறைக்கிறது. வரவேற்பில் இருந்த பெண் "ரொம்ப சாரி, மேடம்" என்று சொல்லி இன்னும் இரண்டு கம்பளி கொண்டுவந்து தந்தார். அதோடு முடிந்தது.

மதியம் இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கோண்டோலா சாப்பிட்டோம். முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி, லேசாக இனிப்பு. நடுவில் இறைச்சியும் சீஸும் இலைகளும். மூன்று பேருக்கு ஒன்று போதும் என்று கடைப்பையன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். இரண்டு விற்கப் பார்க்காமல் இப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ரொட்டியை மட்டும் தனியாக ஒன்று வாங்கிக்கொண்டோம்.

சாப்பிட்டு வெளியே வந்தால் தூறல். வாஷிங்டன் தெருவும் ஸ்டேட் தெருவும் சந்திக்கும் முனைக்குப் போனோம். பழைய கிடங்குகள் நிறைந்த பகுதி. அங்கே நிற்கிறார் ப்ரையர், வெண்கலத்தில், ஆளை விடப் பெரிதாக. 2015 மே மாதம் திறந்த சிலை. செய்தவர் ப்ரெஸ்டன் ஜாக்சன், இவரும் இல்லினாய்க்காரர், கறுப்பினச் சிற்பி. நகைச்சுவைக் கலைஞர் மட்டும் அல்ல, அதற்கும் மேலே என்ற பொருளில் சிலைக்குத் தலைப்பு வைத்திருக்கிறார்.

மழைத்துளி வெண்கல முகத்தில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வயதான கறுப்பர் ஒருவர் தெருவைக் கடந்து வந்தார். எங்களுக்குப் படம் எடுத்துத் தரட்டுமா என்று அவராகவே கேட்டார். எடுத்துக் கொடுத்தவர் உடனே போகவில்லை. எங்கிருந்து வருகிறீர்கள், இவரை எப்படித் தெரியும் என்று விசாரித்தார். இந்தியாவிலிருந்து வந்த டீச்சர் என்றதும் சிரித்துவிட்டார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய அம்மா ப்ரையரின் நகைச்சுவைப் பேச்சு பதிந்த இசைத்தட்டுகளைக் குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பாராம். அம்மா கடைக்குப் போன நேரத்தில் அண்ணன் தம்பி நாலு பேரும் எடுத்துக் கேட்பார்களாம். "அம்மாவுக்கும் தெரியும், மேடம். போர்வையை நாங்கள் ஒழுங்காக மடிக்க மாட்டோம்" என்றார்.

போகும்போது தொப்பியைத் தொட்டுக் காட்டினார், எங்களுக்கா சிலைக்கா என்று தெரியாத மாதிரி.

அக்டோபர் 19, சனி, பியோரியா

மழை விட்டுவிட்டது. ஆனால் இல்லினாய் ஆற்றிலிருந்து வருகிற காற்று காதை அறுக்கிறது. காலை ஏழரைக்குக் காபி மூன்றரை டாலர், முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்து ஒன்பது. பரிமாறிய அம்மாள் என்னை "ஹனி" என்று கூப்பிட்டார். இந்த ஊரில் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான்.

இன்று வாஷிங்டன் தெருவில் வடக்குப் பக்கமாக நடந்தோம். ப்ரையர் வளர்ந்த வீடு இந்தத் தெருவின் வட பகுதியில் இருந்தது. 1940 டிசம்பர் 1-ஆம் தேதி பிறந்தவர். அந்தக் காலத்தில் பியோரியா விஸ்கி ஊர். சூதாட்டம், குடி, விபச்சாரம் எல்லாம் திறந்த வெளியில் நடந்தன, நகராட்சியும் கண்டுகொள்ளவில்லை. பாட்டி மேரி இந்தத் தெருவில் விபச்சார விடுதி நடத்தினார். அம்மா கெர்ட்ரூட் அங்கே தொழில் செய்தார். அப்பா ஒரு காலத்தில் குத்துச்சண்டை வீரர், பிறகு அதே தொழிலுக்குத் தரகர். அம்மா விட்டுவிட்டுப் போன பிறகு பையனைப் பாட்டிதான் வளர்த்தார். அடியும் அவரிடம்தான் வாங்கினான். ஏழு வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானான். இதையெல்லாம் அவரே பிற்பாடு வெளியில் சொன்னவர்.

அரை மணி நேரம் நடந்திருப்போம். தெரு முன்னே போகப் போக நெடுஞ்சாலையின் இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. தலைக்கு மேலே 74-ஆம் எண் சாலை, அதிலிருந்து ஆற்றைத் தாண்டும் பெரிய பாலம். விடுதிகள் இருந்த வட்டாரத்தை இந்தச் சாலைக்காகத்தான் இடித்துத் தள்ளினார்கள். படியோ சுவரோ, இங்கேதான் இருந்தது என்று கை வைத்துக் காட்ட ஒன்றும் கிடையாது. லாரிகள் போகும்போது காலடியில் தரை அதிர்கிறது.

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு ஜன்னலாவது இருக்கும் என்று நினைத்து வந்திருந்தேன். ஆனால் அங்கே நிற்கும்போது மாப்பிள்ளை ஒன்று சொன்னார். "அந்த வீட்டில் இருந்தவங்க எல்லாரும் அவர் மேடையில இருக்காங்களே அத்தை." அது உண்மைதான். நான் பார்த்தவரையில் அவர் தனியாக நிற்பதே இல்லை. குடிகாரர், போதையில் தள்ளாடும் இளைஞன், பிரம்பு எடுத்துவரச் சொல்லும் பாட்டி, மட்போன் என்ற கதை அளக்கும் கிழவர் என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பார். மட்போனுக்கு மிசிசிப்பியின் டுபெலோ ஊர்ப் பேச்சு. இவர்களில் யாரையும் கீழே வைத்து அவர் பேசுவதில்லை. குடிகாரர் பேசும்போது குடிகாரர் பக்கத்து நியாயம் நமக்குப் புரிகிறது.

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை. 1963-இல் நியூயார்க் போய், அன்றைக்குப் பெயர் பெற்றிருந்த நகைச்சுவைக் கலைஞர் பில் காஸ்பி மாதிரி சுத்தபத்தமாகப் பேசித்தான் பெயர் வாங்கினார். தொலைக்காட்சி, லாஸ் வேகாஸ் என்று நல்ல பணம். 1967-இல் அலாதீன் ஹோட்டல் மேடையில் நிறைந்த கூட்டத்தைப் பார்த்து, நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். அப்புறம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கொஞ்ச காலம். அங்கிருந்து திரும்பி வந்தவர் வாயில் வாஷிங்டன் தெரு இருந்தது.

நடைக்கு நடுவில் ஒரு விபத்து. ஆற்றங்கரைக்கு இறங்கும்போது அடித்த காற்றில் என் கண்ணாடி கழன்று விழுந்து ஒரு பக்க வில்லை தனியாக வந்துவிட்டது. திருகாணியைக் காணோம். பக்கத்தில் இருந்த பழைய சாமான் கடைக்குள் நுழைந்து கேட்டோம். கடைக்காரப் பெண்மணி மேசை இழுப்பறையைக் கிண்டி, ஒரு பழைய கடிகாரத்திலிருந்து திருகாணியை எடுத்து, ஊசி மாதிரி இருந்த ஸ்க்ரூடிரைவரால் பத்து நிமிடம் உட்கார்ந்து முடுக்கித் தந்தார். ஐந்து டாலர் நீட்டினேன். வாங்கவில்லை. எட்டு டாலருக்கு ஒரு பீங்கான் உப்புக் குடுவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மதியத்துக்கு மேல் கார்வர் சென்டர். கறுப்பினக் குழந்தைகளுக்காகப் பல தலைமுறையாக நடக்கிற சமூக மையம். நான் இந்த ஊருக்கு வந்ததில் பாதி இதற்காகத்தான். உள்ளே போகக் கேட்கவில்லை, குழந்தைகள் புழங்குகிற இடம். காரை ஓரமாக நிறுத்தி இறங்கி நின்று பார்த்தோம்.

இங்கே நாடகம் சொல்லிக்கொடுத்தவர் ஜூலியட் விட்டேக்கர். பத்துப் பன்னிரண்டு வயதில் ஒல்லிக்குச்சியாக வந்து சேர்ந்த பையனுக்கு, ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற குழந்தைக் கதை நாடகத்தில் சின்ன வேலைதான் இருந்தது. ராஜா வேஷம் போட்ட பையன் ஒரு நாள் வரவில்லை. எல்லோருடைய வசனமும் எனக்குத் தெரியும் என்று இவன் முன்னால் வந்தான். சிம்மாசனத்தில் ஏறியவன் செய்த சேட்டையில் ஒத்திகையே சிரித்து உருண்டது. பழைய ராஜா திரும்பி வந்து பார்த்துவிட்டு, அவனே செய்யட்டும், என்னை விட நன்றாகச் செய்கிறான் என்று விட்டுக்கொடுத்துவிட்டானாம்.

பள்ளிக்கூடம் அவனைப் பதினான்கு வயதில் வெளியே அனுப்பிவிட்டது. விட்டேக்கர் விடவில்லை. மேடை ஏற்றிக்கொண்டே இருந்தார். 1974-இல் நடிகை லிலி டாம்லினின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எழுதியதற்காகக் கிடைத்த எம்மி விருதை ப்ரையர் இந்த ஊருக்கு எடுத்து வந்து அந்த டீச்சரிடமே கொடுத்துவிட்டார்.

31 வருடம் பாடம் நடத்தியவள் நான். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் தலைமையாசிரியர் மாதிரி நடந்து காட்டுவான். வகுப்பே குலுங்கும். அவன் அப்பாவை இரண்டு முறை வரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அவனை ஒரு ஆண்டுவிழாவிலாவது மேடை ஏற்றியிருக்கலாம். எனக்கு அன்று தோன்றவே இல்லை. கார்வர் சென்டர் வாசலில் நின்றபோது அவன் முகம் அப்படியே வந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு, பியோரியா – ப்ளூமிங்டன்

கிளம்புவதற்கு முன் கொத்தமல்லி, பச்சை மிளகாய் வாங்க ஒரு இந்தியக் கடைக்குப் போனோம். அங்கே ஒரு தமிழ்த் தம்பதி. கேட்டர்பில்லர் வேலையில் திருவள்ளூர் ஆலையிலிருந்து இங்கே வந்தவர்கள். மஞ்சள் நிற மண்வாரி இயந்திரம் செய்கிற அந்த நிறுவனம் பியோரியாவில்தான் பல காலம் தலைமையகம் வைத்திருந்தது. பதினோரு வருடமாக ஊரில் இருக்கிறார்கள், சிலையைக் கடந்து எத்தனையோ தடவை போயிருக்கிறார்கள். யார் என்று இன்றுதான் தெரியும் என்றார் அந்தப் பெண். அடுத்த முறை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு என்று சொல்லித்தான் விட்டார்கள்.

திரும்பும் வழியில் காரில் மகள் முதல்முறையாக அவரைப் பற்றி விசாரித்தாள். கடைசியில் என்ன ஆச்சு என்று கேட்டாள். மாப்பிள்ளை சொல்லச் சொல்ல நானும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

1980 ஜூன் 9-ஆம் தேதி, கொகைன் போதையில் தன் மேலேயே மதுவை ஊற்றித் தீ வைத்துக்கொண்டார். உடம்பெல்லாம் எரிய லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் ஓடினார். பாதி உடம்பு வெந்துவிட்டது. பிழைத்து வந்து மறுபடி மேடை ஏறி, 1982-இல் வெளியான படத்தில், தன்னைப் பற்றி ஊரார் சொல்லிச் சிரித்த தீக்குச்சி ஜோக்கைத் தானே சொல்லிக் காட்டினார். தீக்குச்சியைக் கொளுத்தி நகர்த்தி, இது என்ன தெரியுமா, ரிச்சர்ட் ப்ரையர் தெருவில் ஓடுவது என்று.

1986-இல் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்பு நோய். முகத்தையும் கை காலையும் வைத்தே பத்துப் பேரைக் கொண்டுவந்து நிறுத்திய மனிதருக்கு அந்த உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப் போனது. 1998-இல் அமெரிக்க நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் விருதை முதன்முதலில் அவருக்குத்தான் கொடுத்தார்கள். 2005 டிசம்பர் 10 அன்று மாரடைப்பில் இறந்தார். அறுபத்தைந்து வயது.

"பொண்டாட்டியை அடிச்சவர்தானே" என்றாள் மகள். ஆமாம். ஐந்து பெண்களை ஏழு தடவை கல்யாணம் செய்தார். கை நீட்டினார். ஒரு முறை மனைவியின் காரைத் துப்பாக்கியால் சுட்டார். மேடையில் அந்தக் கதையையும் சொல்லிச் சிரிக்க வைத்தார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிபட்டுத்தான் வளர்ந்தார் என்பதால் அவர் அடித்தது சரியாகிவிடாது. இதை நான் மகளிடமும் சொன்னேன்.

அப்படியென்றால் எதற்கு இவ்வளவு தூரம் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். 1979-இல் கென்யா போனார். நைரோபியில் ஒரு ஹோட்டல் கூடத்தில் உட்கார்ந்து சுற்றிலும் இருந்த கறுப்பர்களைப் பார்த்தார். தன் இசைத்தட்டுகளின் பெயரிலேயே இருந்த, வாய்க்கு வாய் தானே சொல்லி வந்த அந்த இனவெறி வசைச்சொல் இவர்களில் யாருக்குப் பொருந்தும் என்று யோசித்தார். ஒருவருக்கும் இல்லை. அதோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டார். அதை மேடையிலேயே வந்து சொன்னார். கைதட்டு வாங்கித் தந்த ஒன்றைத் தப்பு என்று தெரிந்த நாளில் கூட்டத்தின் முன் நின்று கீழே வைக்கிறவர்கள் எத்தனை பேர்?

எடி மர்ஃபி, கிறிஸ் ராக், டேவ் சாப்பெல் என்று மாப்பிள்ளை பெயர்களை அடுக்கினார். எல்லோரும் இவர் போட்ட பாதையில் வந்தவர்கள் என்றார். அவர்களை எல்லாம் எனக்குத் தெரியாது. மார்ட்டனில் நிறுத்தி ஒரு பரங்கிக்காய் வாங்கினோம், நாலு டாலர்.

ராத்திரி பரங்கிக்காய்ப் புளிக்கறியும் ரசமும். சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிவிட்டு வந்த மகள், "அந்தப் படத்தைப் போடு" என்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த இடத்துக்கு நேராக ஓட்டப் போனவரைத் தடுத்து, முதலிலிருந்து போடு என்றாள்.

சிவப்புச் சட்டைக்காரர் நெஞ்சைப் பிடித்ததும் அவள் கை என் கையைத் தேடி வந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூச்சு விடாதே என்றது இதயம். மண்டி போட்டார். பன்றிக்கறியைப் பற்றிக் கேட்டது.

"அப்பாகிட்ட குடல் குழம்பைப் பத்திக் கேட்டிருக்கும்மா" என்றாள்.

கேட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், டாக்டர் சொன்ன பிறகும். நான் மீன் வாங்கி வரச் சொன்னாலும் பைக்கு அடியில் குடல் இருக்கும். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நிற்கவே இல்லை. அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்துப் படத்தை அப்படியே நிறுத்தி வைத்தார்.